வளர்ச்சிக் கோடு

கொத்தனாரின் வலது காலை மேசைமேல் நீட்டிக் கிடத்தி, பாதத்தின் இரு பக்கமும் மணல் பைகளை அணைத்து வைத்துவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றபோது எக்ஸ்ரே அக்காவின் விரல்கள் தாமாகவே இரண்டு எண்களை அழுத்தியிருந்தன. பொத்தானை அமுக்கி, இயந்திரம் ‘கிய்’ என்று இழுத்து ஓய்ந்த பிறகுதான் அவள் கவனித்தாள். பெரியவர்களின் எலும்புக்கு வைக்கிற அளவு இல்லை அது. சின்ன உடம்புக்கு, அதிலும் காகிதம் போல மெலிந்த எலும்புக்கு வைக்கிற அளவு. மூன்று வருஷமாக அந்த எண்களை அவள் தொட்டதே இல்லை.

“முடிஞ்சுதா தங்கச்சி?” என்றார் கொத்தனார் உள்ளேயிருந்து.

“இல்லண்ணா. இன்னொன்னு எடுக்கணும். கை தவறிப்போச்சு.”

“எடு, எடு. உனக்கு இல்லாத காலா?”

வீணாய்ப் போன படம் என்று நினைத்துக்கொண்டேதான் படம் பதிந்த கேசட்டைக் கணினி ரீடரில் செருகினாள். குளிரூட்டியின் உறுமல், பழைய ரப்பர் விரிப்பின் வாடை, சுவருக்கு அப்பால் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் கிறீச்சொலி, எல்லாம் எப்போதும் போலவே இருந்தன. திரையில் படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவது போல, வரிவரியாக இறங்கியது. இவ்வளவு குறைந்த கதிரில் ஐம்பத்துமூன்று வயது ஆளின் எலும்பு வெறும் வெள்ளைத் திட்டாக வர வேண்டும். அப்படித்தான் வந்தது. ஆனால் அந்த வெள்ளையின் நடுவில், முறிவு இருந்த இடத்தில், ஒரு கறுப்புக் கோடு குறுக்கே ஓடியது. மயிரிழை அளவு. லேசாக அலை அலையாய்.

முறிவுக் கோடு என்றுதான் முதலில் நினைத்தாள். முறிவுக்கு அவ்வளவு ஒழுங்கு இருக்காது. பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இருக்குமே, வளர்ச்சிக் கோடு, அது மாதிரி இருந்தது. எலும்பு அந்த இடத்தில்தான் நீளும். பதினேழு, பதினெட்டு வயதில் அது மூடிக்கொள்ளும். அப்புறம் ஒருநாளும் திறக்காது.

சரியான அளவில் மறுபடி எடுத்தாள். கோடு இல்லை. இடைவெளி நிறையப் புது எலும்பு மேகம் போலப் படர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் படத்தை மட்டும் டாக்டருக்கு அனுப்பினாள். முதல் படத்தை அழித்திருக்க வேண்டும். விரல் அழிப்புப் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விலகிவிட்டது.

அந்தக் கொத்தனார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தவர். கணைக்கால் எலும்பு இரண்டாக உடைந்து, பிளேட் வைத்து, அதை எடுத்து, மறுபடி வைத்து, என்ன செய்தும் சேரவே இல்லை. உடைந்த எலும்பு ஏன் சிலருக்கு மட்டும் சேர மறுக்கிறது என்று ஆராய்வதுதான் இந்தப் பிரிவின் வேலை. பெரிய டாக்டரம்மா பதினைந்து வருஷமாக அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இப்போது ஒரு பசை கண்டுபிடித்திருந்தார். முறிவின் இடைவெளியில் அதை வைத்துத் தைத்தால் எலும்பு தானே வளர்ந்து மூடும் என்று எதிர்பார்ப்பு. அதை வைத்துத் தைத்த முதல் ஆள் கொத்தனார். அவருக்கு நல்லபடியாக ஆனால் அடுத்து இருபது பேர் காத்திருந்தார்கள்.

அந்தப் பசை ஒரு சிறுமியின் எலும்பிலிருந்து வளர்க்கப்பட்டது. எக்ஸ்ரே அக்காவின் மகள்.

பிறந்தபோது துணிக்குள் ஒரு புள்ளி மாதிரி கிடந்தாள் என்று அப்பா வைத்த செல்லப் பெயர், புள்ளி. அதுவே நிலைத்துவிட்டது. புள்ளியின் எலும்புகள் தும்மினால் உடையும். தூக்கும்போது உடையும். ஒருமுறை சிரித்துப் புரண்டபோது உடைந்தது. உடைந்த வேகத்திலேயே சேரவும் சேரும். தேவைக்கு மீறி, முடிச்சு முடிச்சாய், காய்த்துப்போன கட்டை போலத் திரண்டு சேரும். அந்தச் சேர்க்கையைத்தான் டாக்டரம்மா அதிசயமாகப் பார்த்தார். மகளின் படங்களை எல்லாம் அம்மாவேதான் எடுத்தாள். “அசையாம இருடா” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்பாள். மேசைமேல் தனியாகக் கிடக்கும் பிள்ளை தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்க்கும். அறுபத்திரண்டு படங்கள். பதினோரு வயதில் சளி கட்டி, இருமி இருமி விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் விட்டுப்போய், மூச்சு எடுக்க முடியாமல் போனாள். எலும்பைக் கொடுக்க முடியுமா என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, நாலு பேருக்காவது உபயோகப்படட்டும் என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள்.

“இந்த ஆய்வுக்கு வேற யாரையாவது படம் எடுக்கச் சொல்லட்டுமா?” என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். “உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்.”

“இல்ல மேடம். நானே எடுக்கறேன்.”

இரண்டு வாரம் கழித்து கொத்தனார் வந்தபோது, அவள் தெரிந்தே அந்த இரண்டு எண்களை வைத்தாள்.

படம் இறங்கியது. கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே, வெள்ளைத் திட்டுக்குள், இன்னொரு எலும்பு தொடங்கியிருந்தது. பெரிய எலும்பின் குழலுக்குள் செருகியது போல ஒரு சின்ன எலும்பு. பென்சில் பருமன். முன்பக்கமாக வில் போல வளைந்திருந்தது. வளைவின் உச்சியில் ஒரு முடிச்சு. அதற்கு ஒரு விரற்கடை கீழே இரண்டாவது. பிறகு, ஒட்டினாற்போல, மூன்றாவது.

அவள் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். முதல் முடிச்சு கட்டிலில் திரும்பிப் படுத்தபோது. ஐந்து வயது. இரண்டாவது குளியலறையில். மூன்றாவது எதனால் என்று கடைசிவரை தெரியவில்லை. காலையில் எழுந்தபோது உடைந்திருந்தது. ஒரு தாய்க்கு மகளின் கையெழுத்து தெரியாதா? இது அதைவிடத் தெரிந்தது.

“தங்கச்சி,” என்றார் கொத்தனார், சட்டையைச் சரிசெய்துகொண்டே. “ஒன்னு கேட்டா சிரிக்கக் கூடாது.”

“கேளுங்கண்ணா.”

“எலும்பு சேரும்போது சத்தம் வருமா?”

“என்ன சத்தம்?”

“தட்டற மாதிரி. மத்தியானம் சும்மா கால நீட்டிப் படுத்திருந்தேன். உள்ள இருந்து யாரோ தட்டறாங்க. என் பொண்டாட்டிகிட்ட சொன்னா, நாப்பது வருஷமா சுவத்தத் தட்டுன ஆளு, இப்ப சுவரு உன்னைத் தட்டுதுங்கிறா.” அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மேசையின் ஓரத்தில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். வேகமாக இரண்டு. கொஞ்சம் இடைவெளி. ஒன்று.

விலா உடைந்து கிடக்கும்போது புள்ளியால் குரல் எழுப்ப முடியாது. ஒரு கரண்டியைக் கையில் கொடுத்திருந்தார்கள். கட்டில் சட்டத்தில் தட்டினால் சமையலறைக்குக் கேட்கும். வேகமாக இரண்டு, இடைவெளி, ஒன்று. அம்-மா. வா.

“கால ஒரு நிமிஷம் காட்டுங்கண்ணா,” என்றாள். தன் குரல் வேறு எங்கிருந்தோ வருவது போலிருந்தது.

அவர் காலை நீட்டினார். தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். தோல் சூடாக இருந்தது. வெயிலில் காய்ந்த சிமெண்ட்டும் தைலமும் கலந்த வாசனை. தழும்புக்குக் கீழே அவருடைய நாடி நிதானமாக ஓடியது. குளிரூட்டி ஒரு உறுமலை முடித்து அடங்கியது. அறையில் சத்தமே இல்லை. அவள் விரல் நுனியால், கதவைத் தட்டப் பயப்படுகிறவள் மாதிரி, அந்த எலும்பின்மேல் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

ஒன்றும் இல்லை.

கையை எடுக்கப் போனாள்.

டொக் டொக்.

உள்ளங்கைக்குள். தோலுக்குக் கீழே. மெதுவாக.

டொக்.

“பாத்தியா!” என்றார் கொத்தனார், குழந்தை மாதிரி சந்தோஷமாக. “நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் பட்டறையை மூடிவிட்டு, வாசல் விளக்கடியில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் தச்சர். வீட்டில் இருக்கிற மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றின் முனைகளையும் அவர்தான் மழுங்க இழைத்திருந்தார். ஒரு கூர்முனை கிடையாது. அந்த வீட்டில் இடித்துக்கொள்ள இப்போது யாருமில்லை. அவள் கைப்பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஒன்று பழையது, புள்ளியின் கால். இன்னொன்று இன்றையது.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மரத்தின் ரேகையைப் பார்த்துப் பழகிய கண். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு விரலால் அளந்தார். இரண்டு படத்திலும் அளந்தார்.

“இது யார் காலு?”

சொன்னாள். தட்டியதையும் சொன்னாள். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏங்க, அவ வளர்றா,” என்றாள் அவள். “நான் அளந்து பாத்தேன். ரெண்டு வாரத்துல அஞ்சு செண்டிமீட்டர். நம்மகிட்ட இருந்தப்ப வருஷம் பூரா அவ்வளவு வளரல.”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

“அந்த ஆளு நடக்கறாரா?” என்று கேட்டார்.

“கோலை ஊன்றி நடக்கறாரு. இனிமே நல்லா நடப்பாரு.”

“நாளைக்கு வேலைக்குப் போவாரு. சாரம் ஏறுவாரு. செங்கல் தூக்குவாரு.” அவர் அவளைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒவ்வொரு எட்டுக்கும் இது உடையும்.”

“உடைஞ்சா சேரும். எப்பவும் சேர்ந்திருக்கு.”

“சேர்றதுக்கு நடுவுல?” என்றார். “நீ கண்ணாடிக்குப் பின்னால நின்ன. கட்டு போடறப்ப நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ கத்துனத நான்தான் கிட்ட இருந்து கேட்டேன். போதும்மா. பிள்ளை படாத பாடு பட்டாச்சு. டாக்டரம்மாகிட்ட சொல்லி எடுக்கச் சொல்லு. அவள விட்டுடு.”

“சரி,” என்றாள்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

ஆய்வுக் கணக்குப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு படம்தான். அவள் கொத்தனாருக்குப் போன் செய்து, போன படம் மங்கலாகிவிட்டது, ஒரு நடை வந்துவிட்டுப் போங்கண்ணா என்றாள். மூன்று நாளில் மறுபடி கூப்பிட்டாள். அவர் முகம் சுளிக்காமல் வந்தார். தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவருக்குப் பெருமை. அவர் மேசையில் படுத்திருக்கும்போது அவள் ஏதாவது ஒரு சாக்கில் காலில் கை வைத்துக்கொள்வாள். தட்டுவாள். பதில் வரும். சில நாள் அவள் தட்டுவதற்கு முன்பே வரும். வீட்டுக்குத் தெரியாமல் யாரையோ சந்தித்துவிட்டுத் திரும்புகிறவளைப் போல, அந்த நாட்களில் அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. கணவர் அதைக் கவனித்தார். வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

சின்ன எலும்பு கீழே கணுக்கால்வரை போய், அங்கே அரிசி மணிகளாய்ப் பாத எலும்புகளைச் சிதறவிட்டது. மேலே முழங்காலைத் தாண்டித் தொடைக்குள் நுழைந்தது. ஐந்தாவது படத்தில் புதிய முறிவு ஒன்று. கறுப்பாக, சாய்வாக.

“நேத்து பஸ்லேர்ந்து கொஞ்சம் வேகமா இறங்கிட்டேன்,” என்றார் கொத்தனார். “உள்ள சுரீர்னுச்சு. அப்புறம் அரை நாளு ஒரே தட்டு. நிக்கவே இல்ல. உயிர் போய் உயிர் வந்துச்சு தங்கச்சி.”

அடுத்த படத்தில் அந்த முறிவின்மேல் முடிச்சு திரண்டிருந்தது. பார்த்தாயா, சேர்ந்துவிட்டது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குக் கீழே வேறு இரண்டு முறிவுகள் இருந்தன. அவள் திரையை அணைத்துவிட்டாள்.

பசை வைத்த எட்டாவது வாரம் கொத்தனாரால் காலை ஊன்ற முடியவில்லை. கால் வீங்கி, தோல் பளபளத்து, தொட்டால் கொதித்தது. ராத்திரி பகல் வலி. வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர் வெளி பெஞ்சில் மனைவியின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார். டாக்டரம்மா படங்களைப் பார்த்துக்கொண்டே நெற்றியைத் தேய்த்தார்.

“முறிவு சேந்துடுச்சு. அதுல குறையில்ல. ஆனா நிக்காம வளருது. தேவைக்கு மேல வளர்ந்து நரம்பை அழுத்துது போல. திறந்து, அதிகமா இருக்கறத எல்லாம் சுரண்டி எடுத்துடலாம். அந்த மனுஷன் படற பாடு பாக்க முடியல.” பிறகு அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இத்தனை படம் எடுத்திருக்கீங்களே, உங்க கண்ணுக்கு ஏதாவது வித்தியாசமா பட்டுதா?”

கேட்டுவிட்டார். வாயைத் திறந்தால் போதும்.

“இல்ல மேடம்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு அறுவை சிகிச்சை. ஆபரேஷன் தியேட்டரில் எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்க வேண்டியது அவள்தான். வளைந்த கை போன்ற அந்த இயந்திரத்தைக் காலுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தி, டாக்டர் கேட்கும்போதெல்லாம் மிதியை அமுக்கி, திரையில் உள்ளே நடப்பதைக் காட்ட வேண்டும். ஈய அங்கி தோளை அழுத்தியது. பச்சைத் துணிகளுக்கு நடுவே கொத்தனாரின் கால் மட்டும் வெளியே தெரிந்தது, வேறு யாருடைய பொருளோ போல. மருந்து நெடி. ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் கருவியிலிருந்து எழும் கருகல் வாடை. ஒரு தட்டில் உளிகள், கரண்டி முனைகள், சின்னச் சுத்தியல்.

“ஷாட்,” என்றார் டாக்டரம்மா.

அமுக்கினாள். எல்லோருக்கும் தெரிகிற திரையில் பெரிய எலும்பும் அதன்மேல் கண்டபடி படர்ந்த புது எலும்பும் தெரிந்தன. அவள் பக்கத்தில் இருந்த சின்னத் திரையின் அளவை அவள் மாற்றி வைத்திருந்தாள். அதில் புள்ளியின் கால் தெரிந்தது. தொடைவரை. இடுப்பின் விளிம்புவரை.

உளி இறங்கியது. சுத்தியல் தட்டியது. டிக். டிக்.

“ஷாட்.”

சின்னக் கால் மடங்கியிருந்தது.

முன் படத்தில் நீட்டியிருந்தது. இப்போது மடங்கியிருந்தது. முழங்கால் மேலே இழுத்துக்கொண்டு. ஊசியைப் பார்த்த பிள்ளை இழுத்துக்கொள்ளுமே, அப்படி.

டிக். டிக். டிக்.

“ஷாட்.”

இன்னும் மேலே. உளியின் முனை சின்னக் கணுக்காலைத் தொட்டிருந்தது. அரிசி மணிகளில் இரண்டைக் காணவில்லை. தட்டில் ஏதோ விழுந்த சத்தம். ‘கிளிங்’.

“ஷாட்.”

அவள் கால் மிதியில் உறைந்துவிட்டது.

“ஷாட்! என்னாச்சும்மா?”

அமுக்கினாள். கால் எங்கேயும் தெரியவில்லை. கணைக்காலில் இல்லை. முழங்காலில் இல்லை. இயந்திரத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். தொடையின் உச்சியில், இடுப்பெலும்பின் நிழலுக்குள், ஐந்து மெல்லிய கோடுகள். விரல்கள். எலும்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

டாக்டரம்மா கழுவும் தண்ணீரை ஊற்றினார். நர்ஸ் உறிஞ்சினாள். “நல்லா சுத்தமாயிடுச்சு,” என்றார். “மேல ஏதாவது மிச்சம் இருக்கா? ஒரு தடவை முழுசாப் பாத்துச் சொல்லுங்க. எதுனா விட்டுப்போச்சுன்னா மறுபடி வளரும். இந்த மனுஷனை இன்னொரு தடவை மேசையில போடக் கூடாது.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முகமூடிகளுக்கு மேலே கண்கள் மட்டும். அவள் சின்னத் திரையைப் பார்த்தாள். அவளுக்குக் கணவர் சொன்னது ஞாபகம் வந்தது. விட்டுடு. கொத்தனார் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, ‘நீ உள்ள இருப்பேல்ல தங்கச்சி, அப்ப எனக்குப் பயமில்ல’ என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அந்த ஐந்து கோடுகள் பிடியை விடவில்லை.

அவள் அளவை மாற்றினாள். பெரியவர்களுக்கு உரிய அளவு. திரை சுத்தமாயிற்று.

“ஒன்னும் இல்ல மேடம். எல்லாம் வந்துடுச்சு.”

வலி அன்று இரவே போய்விட்டது என்றார்கள். வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. ஒரு மாதத்தில் கொத்தனார் கோலைத் தூக்கிப் பரண்மேல் போட்டாராம். டாக்டரம்மா அடுத்த இருபது பேருக்கான காகிதங்களைத் தயார் செய்யத் தொடங்கினார். எக்ஸ்ரே அக்கா தினமும் போன் எடுத்து, எண்ணைப் பாதி அழுத்தி, வைத்துவிடுவாள். கூப்பிட ஒரு காரணமும் மீதம் இல்லை. அவர் எங்கோ நடந்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் தெரியும். பேருந்தில் நிற்கும்போது, வண்டி குலுங்கும்போதெல்லாம், அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அறுவை முடிந்த ஏழாவது வாரம், மதிய வெயில் நடைபாதையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்த நேரத்தில், அவரே வந்து நின்றார். புதுச் சட்டை. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம்.

“தங்கச்சி! இதப் பாரு.” ஒற்றைக் காலில் நின்று காட்டினார். குதித்துக் காட்டினார். இரண்டு தடவை.

“குதிக்காதீங்க!” என்று அவள் அலறியதில் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பயப்படாத. ஒரு வலியும் இல்ல. மூணு வாரமா வேலைக்குப் போறேன். ரெண்டு மாடி சாரம், மூட்டை தூக்கி ஏறுறேன். இப்ப பெரிய கம்பெனி வேலை கிடைச்சிருக்கு, உடம்பு நல்லா இருக்குன்னு சீட்டு கேக்கறான். நெஞ்சுப் படம் ஒன்னு எடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

“தட்டற சத்தம்…” என்றாள்.

“அது நின்னே போச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் இருந்துச்சு. கால்ல இல்ல, இடுப்புல. அப்புறம் முதுகுல. ராப்பகலா விடாம தட்டுச்சு. வேலைக்குப் போக ஆரம்பிச்சேன், நாலஞ்சு நாள்ல நின்னுடுச்சு. தட்டக்கூட தெம்பில்ல போல.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “உங்க எல்லாரு புண்ணியம்.”

அவரை உள்ளே அழைத்துப் போனாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, சுவர்ப் பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்து, முகவாயை விளிம்பில் பதித்து, தோள்களை முன்னுக்குத் தள்ளினாள். அவர் முதுகில் சுண்ணாம்புத் தூசி. வியர்வை. கை படாமல் பார்த்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வந்தாள். முதலில் சரியான அளவில் எடுத்தாள். குறையில்லாத நெஞ்சு. சீட்டுக்கு அது போதும். அவரை அனுப்பிவிடலாம்.

புதுக் கேசட்டை மாற்றிவிட்டு மறுபடி வந்து நின்றாள். விரல்கள் அந்த இரண்டு எண்களை அழுத்தின.

“இன்னும் ஒன்னுண்ணா. மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க.”

அவர் மூச்சை இழுத்தார். அந்த அகன்ற முதுகு விரிந்தது. பொத்தானை அமுக்கினாள். கேசட்டை எடுத்துவர உள்ளே போனபோது அவர் கன்னங்களை உப்பிக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல், மூச்சைப் பிடித்தபடி நின்றார். ரீடர் கேசட்டை விழுங்கியது.

மேலிருந்து கீழாக.

அவருடைய தோள்பட்டைகள், வெள்ளைத் திட்டுகளாய். விலாக்கள். அவருடைய விலாக்களுக்கு உள்ளே, நெருக்கமாக, வேறு விலாக்கள். சின்னவை. ஒன்றுகூட முழுசாக இல்லை. ஒவ்வொன்றிலும் முறிவு. முடிச்சு. முடிச்சின்மேல் முறிவு. சேர நேரமே கிடைக்காமல் மறுபடி, மறுபடி. எண்ண முயன்றாள். இருபதுக்கு மேல் முடியவில்லை. கைகள் இரண்டும் பல துண்டுகளாக மடிந்து கிடந்தன. ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. தட்டுவதற்கு.

படம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

இதயத்தின் நிழல். அதன் அருகே ஒரு வளைவு. மெல்லிய ஓடு. நெற்றி.

கண் குழிகள் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

கண்ணாடிக்கு அப்பால் கொத்தனார் அசையாமல் நின்றார். அவர் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. விடலாம் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மார்பு இறங்கும். அத்தனையும் இறங்கும்.

திரையில் கடைசி வரிகள் நிரம்பின. மூக்கு. மேல்வரிசைப் பற்கள்.

பிறகு வெகு தூரம் கறுப்பு.

அதற்கும் கீழே தாடை. அகல, அதன் கீல் கழன்றுபோகும் அளவுக்கு அகல, திறந்திருந்தது.